வேதமுத்துவுக்கு வராத நோய்

தாராவி தொண்ணூறடி ரோட்டில் தையல் மிஷின் பழுது பார்க்கிறவர்கள் நாலைந்து பேர் இருந்தாலும், வேலை அவசரம் என்றால் கார்கானா என்கிற சின்னப் பட்டறைக்காரர்கள் முதலில் கூப்பிடுவது வேதமுத்துவைத்தான். போனை எடுத்து "வாரேன்" என்று ஒரு வார்த்தை சொல்வார். சொன்னபடி வந்து நிற்பார். சாயர்புரம் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். அவர் பிறந்து வளர்ந்தது தாராவியில், கல்யாணத்துக்குப் பிறகு செம்பூரில் வாடகை வீடு.

தோல் பை தைக்கும் காசிம் பாய்க்கு அவர்மேல் தனிப் பிரியம். பக்கத்துக் கடை காலியானபோது, "நீயும் நானும் சேந்து மிஷின் ஏஜென்சி எடுப்போம் வேதம். உனக்கும் ஒரு பிடிப்பு வேணும்லா?" என்று கேட்டார்.

வேதமுத்து சிரித்தார். "நெடுக நிக்கிற ஆளாப் பாத்துச் சேருங்க பாய். நான் அதுக்கு லாயக்கில்ல."

காசிம் பாய் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அடக்கம் ஒன்றுமில்லை. தான் ஐம்பதைத் தாண்ட மாட்டோம் என்று வேதமுத்து உறுதியாக நம்பியிருந்தார். சொந்த வீட்டுக்கு ஆசைப்படவில்லை. பல்லில் சொத்தை விழுந்தால்கூட, "அடைச்சு என்ன செய்ய, பிடுங்கிருங்க" என்பார். டாக்டர் வினோதமாகப் பார்ப்பார். பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவார். அவர் வாயில் வலப்பக்கம் பாதிப் பல் இல்லாமல் போனது அப்படித்தான்.

அந்த நம்பிக்கை சும்மா வந்துவிடவில்லை. அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அம்மா மார்புப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். நாற்பதுகூட ஆகவில்லை. ஊரில் சித்திக்கு மூளையில் கட்டி. கைப்பிள்ளையாக ஒரு மகனை விட்டுவிட்டு அவளும் போனாள். இந்த இரண்டு சாவுக்கும் இடையில் தம்பி ஏஞ்சலோ.

ஏஞ்சலோ நல்ல பந்தாட்டக்காரன். மாட்டுங்கா மைதானத்தில் விளையாடிவிட்டு வந்து தொடை வலிக்கிறது என்றான். யாரோ உதைத்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். தைலம் தேய்த்தார்கள். வீக்கம் வற்றவில்லை. எலும்பில் புற்று என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவனுக்குப் பதினாறு வயது முடிந்திருந்தது. காலை எடுத்தார்கள். எடுத்த பிறகும் வார்டில் இருந்த எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டுதான் இருந்தான். கடைசியில் நுரையீரலுக்குப் பரவி, பேச மூச்சில்லாமல், அண்ணனின் சட்டை நுனியைப் பிடித்தபடியே கிடந்து போனான். குழிக்குள் பெட்டியை இறக்கும்போது வேதமுத்து தலைமாட்டுப் பக்கம் பிடித்திருந்தார். இந்தப் பெட்டி இவ்வளவு கனமில்லாமல் இருக்கிறதே என்ற நினைப்பு அவரை விட்டு அதற்குப் பிறகு போகவே இல்லை.

எங்கள் ரத்தமே கெட்ட ரத்தம் என்று அன்றைக்கு முடிவு கட்டிக்கொண்டார். அம்மாவின் பிள்ளைகள் ஒருவருக்கும் தப்ப வழி கிடையாது. இதை அவருக்கு எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவரே கணக்குப் போட்டு அவரே விடையும் எழுதிக்கொண்டது.

கல்யாணமே வேண்டாம் என்றுதான் இருந்தார். அப்பா விடவில்லை. பாண்டுப்பில் இருந்த ரீனாவைப் பெண் பார்க்கப் போனபோது, தனியாகப் பேசக் கிடைத்த நேரத்தில் மறைக்காமல் சொன்னார்.

"எங்க வீட்ல ஒரு வியாதி இருக்கு. எனக்கும் வரும்."

ரீனா பயப்படவில்லை. "வியாதி இல்லாத வீடு எங்க இருக்கு? வந்தா பாத்துக்கிடலாம்" என்றாள். அந்தப் பதிலுக்காகவே அவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

பிள்ளை விஷயம் மட்டும் அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. கல்யாணமான பிறகு, கொஞ்ச நாள் போகட்டும், கொஞ்ச நாள் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தார். அவளும் கேட்டுக்கொண்டே வந்தாள். இரண்டாம் வருஷம் எப்படியோ உண்டாகிவிட்டது. செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மெடிக்கல் கடையில் பில் போடும் வேலை அவளுக்கு. கடையிலேயே சோதித்துப் பார்த்துவிட்டு, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் முகமும் மாறிவிட்டது.

"ஒரு பிள்ளைய வளத்து, அது வெளயாடுத வயசுல குழியில வைக்க என்னால முடியாது ரீனா. நான் ஒரு தடவ வச்சாச்சு" என்றார். சொல்லும்போதே குலுங்கி அழுதார். அவர் அழுது அதுவரை அவள் பார்த்ததில்லை.

ரீனா இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, "வாங்க, போயிட்டு வந்துருவோம்" என்றாள். காட்கோபரில் ஒரு சின்ன கிளினிக். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் அவள் கையைப் பிடித்தார். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை, பிடித்துக்கொள்ளவுமில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததில்லை.

நாலைந்து வருஷம் கழித்து அக்கா லூசியம்மாளுக்கு மார்பில் கட்டி வந்தது. வேதமுத்துவுக்கு அதிர்ச்சிகூட வரவில்லை. 'அடுத்தது நான்' என்று மட்டும் நினைத்துக்கொண்டார். ஆனால் இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் குடும்பக் கதை முழுவதையும் கேட்டார்கள். யாருக்கு எந்த வயதில் என்ன வந்தது என்று கேட்டு, அக்காவின் ரத்தத்தை எடுத்து ஏதோ ஒரு பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் லூசியம்மாள் தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஏல வேதம், ஏதோ ஒரு ஜீன்ல பழுதுன்னு சொல்லுதாவ. நம்ம அம்மாவுக்கு, ஏஞ்சலோவுக்கு, எல்லாருக்கும் அதுதானாம். கூடப் பொறந்தவங்களும் ரத்தம் குடுத்துப் பாக்கணுமாம். ஒரு ஊசிதாம்ல. நாளைக்கு வா."

"பாத்து என்னக்கா செய்ய? இருக்குன்னு சொல்லுவான். அத வாங்கிட்டு வந்து வீட்ல வைக்கவா?"

"இல்லன்னு சொன்னா?"

வேதமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. "நம்ம வீட்லயா?"

"ஒரு தடவ வந்து அந்த டாக்டர் சொல்லுததையாவது கேளுல."

போகவில்லை. வேலை இருக்கிறது என்றார்; அடுத்த வாரம் என்றார். லூசியம்மாள் ரீனாவிடம் சொன்னாள். ரீனா அவரிடம் கேட்டாள். "அந்தப் பேச்சு வேண்டாம்" என்று அவர் சொன்ன குரலைக் கேட்டு அவளும் விட்டுவிட்டாள். ரீனாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. பிள்ளை பெறுவதற்குக் காலம் இருந்தது.

லூசியம்மாள் மூன்று வருஷம் போராடிவிட்டுப் போனாள். அவள் மகள் அனிஷா வாஷியில் அப்பாவோடு இருந்தாள். பள்ளி லீவு விட்டால் செம்பூருக்கு வந்துவிடுவாள். மாமா வேதமுத்துவிடம் அவளுக்குப் பயமே கிடையாது. தமிழைப் பேசுவாள், படிக்க வராது. பாதிப் பேச்சு இந்தியில் ஓடும்.

வருஷங்கள் போய், அனிஷா வளர்ந்து வேலைக்குப் போன பிறகு அவளுக்குக் கல்யாணம் பேசி வந்தார்கள். பையன் அஜின், அவள் வேலை பார்க்கும் ஆபீசிலேயே வேலை. நிச்சயத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து நேராக மாமா வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, அம்மாவோட அந்த டெஸ்ட் நானும் பண்ணப்போறேன். அஜின்கிட்ட சொல்லிட்டேன். நீங்களும் வரணும்."

"எனக்கு எதுக்கும்மா? எனக்கு அம்பது வயசாவுது."

"அதனாலதான். அம்பது வரைக்கும் ஒண்ணும் வரல்லியே, அது ஏன்னு பாக்க வேண்டாமா? சலோ நா மாமா. தனியா போக எனக்கு டர் லக்தா ஹை."

பயமாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்ன பிறகு மறுக்க முடியவில்லை. அவளுக்குத் துணையாகப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டுதான் கிளம்பினார்.

டாக்டர் நுஸ்ரத் என்று ஒரு அம்மா. முதலில் ரத்தம் எடுக்கவில்லை. இரண்டு பேரையும் உட்காரவைத்து, அவசரப்படாமல், இந்தியில் விளக்கினார். உடம்பில் செல்கள் ஓயாமல் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் மரபுச் செய்தி முழுவதையும் படியெடுக்க வேண்டும். எடுக்கும்போது பிழை விழும். புகையால் விழும், வெயிலால் விழும், ஒரு காரணமும் இல்லாமலும் விழும். எல்லோருக்கும் நடப்பதுதான். அப்படிப் பிழை விழுந்த செல்லை மேற்கொண்டு பிரியவிடாமல் நிறுத்துவதற்கு உடம்பிலேயே ஒரு புரதம் இருக்கிறது. பி-53 என்று பெயர். பிழையைச் சரிசெய்ய அது அவகாசம் வாங்கிக் கொடுக்கும். சரிசெய்ய முடியாத அளவுக்குக் கெட்டுப்போயிருந்தால் அந்தச் செல்லையே செத்துப்போக வைத்துவிடும்.

"அந்தப் புரதத்தைச் செய்யும் குறிப்பு ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. உங்கள் அக்காவுக்கு அதில் ஒன்று பிறக்கும்போதே பழுது. மிச்சமிருக்கிற ஒன்றும் ஏதாவது ஒரு செல்லில் கெட்டுப்போனால், அந்தச் செல்லைத் தடுக்க ஆளில்லை. பிழைமேல் பிழை சேர்ந்துகொண்டே போய்க் கட்டியாகிவிடும். ஒருவருக்கு மார்பில், ஒருவருக்கு எலும்பில், ஒருவருக்கு மூளையில். குறை ஒன்றேதான்."

வேதமுத்து, "அப்போ எங்கம்மா பெத்த எல்லாருக்கும் வரும்" என்று இந்தியில் சொன்னார். கேள்வியாகச் சொல்லவில்லை.

"இல்லையே" என்றார் டாக்டர். "உங்கள் அம்மாவிடமும் இரண்டு பிரதி இருந்திருக்கும். ஒன்று பழுது, ஒன்று நல்லது. பிள்ளைக்கு அதில் ஒன்றைத்தான் கொடுக்க முடியும். எது வந்தது என்பது பாதிக்குப் பாதி."

"அம்மாகிட்ட நல்லது ஒண்ணு இருந்துச்சா?" என்று அவர் தமிழில் கேட்டது டாக்டருக்குப் புரியவில்லை. அனிஷா அதை இந்தியில் சொல்லவும் இல்லை.

முடிவு வர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. அனிஷாவுக்கு இருந்தது. வேதமுத்துவுக்கு இல்லை.

டாக்டர் முதலில் அனிஷாவிடம்தான் பேசினார். வருஷா வருஷம் உடம்பு முழுவதும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும், அவசியமில்லாமல் எக்ஸ்ரேக்குப் போகக்கூடாது, எது வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம், பிள்ளை பெற நினைத்தால் அதற்கு இந்தப் பழுது போகாமல் பார்த்துக்கொள்ளவும் இப்போது வழி இருக்கிறது. அனிஷா தலையாட்டிக் கேட்டாள். கண்ணில் நீர் நின்றது, விழவில்லை. பிறகு மாமா பக்கம் திரும்பிச் சிரிக்கப் பார்த்தாள்.

"மாமா, நீங்க பச் கயே."

தப்பித்துவிட்டீர்கள் என்கிறாள். அவரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. டாக்டரிடம், இப்போதுதான் இல்லையா, முன்பும் இப்படியேதானா என்று கேட்டார். அறிவில்லாத கேள்வி என்று கேட்கும்போதே தெரிந்தது.

"பிறந்ததிலிருந்தே இப்படித்தான்."

"எனக்குப் பிள்ளை பிறந்திருந்தால்?"

"உங்களிடம் இல்லாததை நீங்கள் எப்படிக் கொடுக்க முடியும்?" என்றார் டாக்டர். நல்ல செய்தி சொல்கிறோம் என்ற நினைப்பில், புன்னகையோடுதான் சொன்னார்.

அனிஷாவை வீட்டில் விட்டுவிட்டு, வாஷியில் ரயில் ஏறி, செம்பூரில் இறங்க மறந்து குர்லா போய்த் திரும்பி வந்தார். ரீனா கடையிலிருந்து வந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அனிஷாவுக்கு இருக்கு" என்றார்.

ரீனா கத்தியைக் கீழே வைத்தாள். "ஏசப்பா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்களுக்கு?"

"இல்ல."

"இல்லன்னா?"

"எப்பவுமே இல்லையாம்."

ரீனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கத்தியை எடுத்து மிச்சக் காயை நறுக்கினாள். நறுக்கி முடித்துக் கழுவி, அடுப்பில் போட்டு, சோறு வடித்து, அவருக்குப் போட்டாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. வேதமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ரீனா, என்னைய மன்னிச்சிரு."

"மன்னிப்புக் கேக்காதீங்க. கேட்டா நான் குடுக்கணும். இப்ப எங்கிட்ட இல்ல." அவள் குரல் உயரவில்லை. "உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னது எனக்குச் சந்தோஷம்தான். அத இன்னைக்கு உங்ககிட்ட காட்ட முடியல, அவ்வளவுதான்."

மறுநாள் பாண்டுப்பில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. மாவு அரைத்து வைத்துவிட்டுப் போனாள். நாலு நாள் என்றாள். நாள் கூடிக்கொண்டே போயிற்று. அவர் தினமும் போன் செய்வார். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், அவ்வளவோடு பேச்சு நின்றுவிடும்.

அந்த நாட்களில் வேதமுத்து வேலைக்குப் போனார். மிஷினைக் கழற்றி வைத்துக்கொண்டு எதை மாற்ற வேண்டும் என்று நினைவில்லாமல் உட்கார்ந்திருந்தார். சாவு வரும் என்று காத்திருந்தபோதுகூட அவருக்கு இப்படி இருந்ததில்லை. அது வேறு யாரோ எழுதியது, நாம் செய்ய ஒன்றுமில்லை என்று ஒரு நிம்மதி அதில் இருந்தது. இது அப்படியில்லை. அக்கா கூப்பிட்ட அன்றைக்கு ஒரு தடவை போயிருக்கலாம். முதலில் ஒன்று போயிருந்தாலும், பிறகு ஒன்று பிறந்திருக்கும். ரோட்டில் காலேஜ் பையன்கள் தோளில் பையோடு போனால் நின்று பார்ப்பார். தன் பிள்ளை பையன்தான் என்று ஏன் நினைக்கிறோம், பெண்ணாகவும் இருந்திருக்கலாமே என்று தோன்றும். அதற்குமேல் நினைக்க மாட்டார்.

அனிஷாவின் முதல் ஸ்கேனிலேயே இடது மார்பில் ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. மிளகு அளவுதான். இந்தப் பழுது இருக்கிறவர்களுக்குக் கதிர் சிகிச்சை கொடுப்பது ஆபத்து என்பதால், யோசித்து, இரண்டு மார்பையும் எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. வேதமுத்து பாண்டுப்புக்குப் போன் செய்து சொன்னார். ரீனா போனை வைத்தாள். அன்று சாயந்திரமே பெட்டியோடு செம்பூர் வந்துவிட்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அனிஷாவைச் செம்பூருக்கே கூட்டிவந்து பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டுவது, கட்டு மாற்றுவது எல்லாம் அவள்தான். அஜின் வேலை முடிந்து தினமும் வருவான். அவனுடைய அம்மா முதலில் தயங்கினாள். கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொன்னாள். தள்ளித்தான் போட்டார்கள், நிறுத்தவில்லை. ஒரு நாள் அந்த அம்மாவே வந்து அனிஷாவின் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிவிட்டுப் போனாள்.

அனிஷா தேறி எழுந்த பிறகு டாக்டர் நுஸ்ரத் ஒன்று கேட்டார். அம்மா வழியில் வேறு யாராவது இருக்கிறார்களா? சித்தி விட்டுப்போன அந்தக் கைப்பிள்ளை, ஜெபசிங், இப்போது முப்பது வயதைத் தாண்டியவன். வாஷியில் வேலை, மனைவி பிரேமலதா, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. வேதமுத்து ரீனாவையும் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார்.

ஜெபசிங் மரியாதையாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டு, "அண்ணே, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா இந்தப் பேச்சு எதுக்கு? எனக்கு ஒரு காய்ச்சல்கூட வந்தது கெடையாது" என்றான்.

வேதமுத்து தன் கதையைச் சொன்னார். காட்கோபர் கிளினிக்கையும் சேர்த்துச் சொன்னார். அதை அவர் வாய்விட்டு ஒரு ஆளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. ரீனா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கு இல்லன்னு வந்துட்டு. அதனால இவ்வளவு பேசுதீங்க" என்றான் ஜெபசிங். "எனக்கு இருக்குன்னு வந்தா? இந்தப் பிள்ளைக்கும் இருக்குன்னு வந்தா, நான் எப்படித் தூங்குவேன்?"

"இருக்குன்னு வந்ததாலதாம்ல அனிஷா இன்னைக்கு உசுரோட நடமாடுதா."

 டீ ஆறுகிறது, குடியுங்கள் என்றான் ஜெபசிங். குழந்தை வந்து மடியில் ஏறியது. அதன் தலையைத் தடவிக்கொண்டே டிவியைப் போட்டான்.  வேதமுத்து எழுந்து செருப்பை மாட்டினார்.

ரீனா எழவில்லை. அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்த பிரேமலதாவைக் கூப்பிட்டாள்.

"இங்க வாம்மா. இவங்க டெஸ்ட் வேண்டாம்னு சொன்ன அன்னைக்கு நான் ஒரு தடவதான் கேட்டேன். மொகத்தப் பாத்துட்டு விட்டுட்டேன். பாவம், பயப்படுதாவன்னு விட்டுட்டேன். என் தப்பும் இருக்கு." வேதமுத்து வாசலில் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை மாதத்தில் அவள் இதை அவரிடம் சொல்லவில்லை. "நீ அப்படி விடாத. தெனமும் கேளு. சண்ட வந்தாலும் பரவால்ல."

பிரேமலதா கணவனைப் பார்த்தாள். அவன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெபசிங் இன்னும் பரிசோதனைக்குப் போகவில்லை. பிரேமலதா போனில் ரீனாவிடம் அடிக்கடி பேசுகிறாள். நேற்றும் கேட்டாளாம். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டானாம். "இன்னைக்கும் கேளு" என்று ரீனா சொல்லிக்கொண்டிருந்ததை வேதமுத்து அடுத்த அறையிலிருந்து கேட்டார்.